ஐந்தாவது பைப்பில் கசிவு

லாரி செட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பேய்க்கதை சொல்கிறவர்கள் வழக்கமாக நடுநிசி, மழை, அணைந்த விளக்கு என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. தரையில் பல வருட ஆயில் ஊறி, அடியில் சிமென்ட்டா மண்ணா என்று தெரியாத கறுப்பு. பெரிய இரும்பு கேட்டைத் தள்ளித் திறந்து அக்கா முதலில் உள்ளே போனாள். எனக்குக் கால் வைக்கவே பிடிக்கவில்லை.

செட்டின் நடுவில் அந்த லாரி நின்றது. மூக்கு நீண்ட பழைய வண்டி. பானெட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"லோடு ஏத்திட்டு மேட்டுல ஏறும்போது முக்கக் கூடாது," என்றார் லாரிக்காரர். "டீசலும் கம்மியா குடிக்கணும்."

சாப்பாடு போடாமல் சண்டைக்கு அனுப்புகிற கதைதான். ஆனாலும் வழி இருக்கிறது. இன்ஜினுக்குள் டீசலைப் புகைபோல மெல்லிசாகப் பீய்ச்சுகிற சாமானுக்கு நாசில் என்று பெயர். தேய்ந்துபோன ஆறையும் எடுத்துவிட்டு, துளை பெரிதான புது நாசில் ஆறைப் போட்டு, பிரஷரைச் சரியாக வைத்தால் வண்டி இழுக்கவும் இழுக்கும், மைலேஜும் கொடுக்கும். நாங்கள் அந்த வேலை செய்கிறவர்கள். நாங்கள் என்றால் நானும் அக்காவும். எட்டு மாதத்துக்கு முன்னால் வரை நானும் அக்காவின் புருஷனான மாமாவும்.

மாமா செத்தது இந்த லாரியால்தான்.

அன்றைக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது நாசில்களுக்கு டீசல் கொண்டுபோகிற பைப்புகளில் ஐந்தாவதில் எங்கேயோ கசிகிறது என்று உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தார். எங்கள் தொழிலில் யாரும் செய்யக் கூடாத காரியம், எல்லோரும் செய்கிற காரியம். அவ்வளவு பிரஷரில் மயிரிழை ஓட்டை வழியாக வருகிற டீசல் கண்ணுக்கே தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளி. ரத்தம்கூட வராது. உள்ளே சதை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் டாக்டர் கையைக் கிழித்துக் கழுவிவிட்டால் தப்பிக்கலாம். மாமா ஆஸ்பத்திரிக்குப் போனதே மறுநாள்தான். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் கையை. பிறகு காய்ச்சலில் ஆளே போய்விட்டார்.

வறட்டு வீம்பில் காயத்தை மறைத்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் நம்பினாள். நம்பினாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கும் மாமாவுக்கும் எலியும் பூனையும்தான். நான் டெஸ்டரில் வைத்துப் பார்த்து முடித்த நாசிலை, என் கண்ணெதிரிலேயே எடுத்து மறுபடி பார்ப்பார். நல்ல நாசில் பீய்ச்சும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்த பிறகும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பதினோரு வருடம் அந்த உதட்டைச் சகித்துக்கொண்டேன். இப்போது கடையில் வேலை தெரிந்த கை என்று இருப்பது என்னுடைய வலது கை ஒன்றுதான். என் வீடும் அக்கா வீடும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. இந்த லாரி வேலை வேண்டவே வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டது அக்கா.

லாரிக்காரருக்கு வெளியே வேலை இருந்தது. "மூணு மணிக்கு வந்துடுவேன். கண்ட வண்டியும் உள்ள வரும், பூட்டிக்குங்க," என்று கேட் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா உள்பக்கமாகப் பூட்டினாள்.

சட்டையைக் கழற்றி லாரி கேபினில் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அக்கா ஒவ்வொரு நாசிலாகத் துடைத்துக் கொடுத்தாள். நாலாவதைக் கொடுக்கும்போது கேட்டாள்.

"அன்னைக்கு அவரு எங்க நின்னாரு?"

"இந்தப் பக்கம்."

"நீ?"

"தள்ளி நின்னேன். ஞாபகம் இல்ல."

"உனக்கா ஞாபகம் இல்ல," என்றாள். ஐந்தாவதைத் துடைக்க எடுத்தாள்.

ஆறையும் மாட்டி, பைப்புகளை முறுக்கி, அவற்றில் தங்கிய காற்றை வெளியேற்றி முடிக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. அக்கா சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. நல்ல சத்தம், புகை இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அடியில் ஒரு தட்டல் கேட்டது. ஆறில் ஏதோ ஒன்று ஒழுங்காக வேலை செய்யவில்லை.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு பைப்பின் நட்டையும் ஸ்பேனரால் லேசாகத் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே வழியும், இன்ஜின் சத்தம் இறங்கும். எதைத் தளர்த்தும்போது சத்தம் இறங்கவில்லையோ அதுதான் கெட்டது.

முதல் நட்டைத் தளர்த்தினேன். சத்தம் இறங்கவில்லை.

இதுதான் கெட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினேன். அதற்கும் இறங்கவில்லை. மூன்று. நாலு. ஐந்து.

ஆறையும் தளர்த்திவிட்டேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நட்டிலும் ஒரு சொட்டு டீசல் இல்லை. எல்லாம் உலர்ந்து கிடந்தன.

"ஆஃப் பண்ணுக்கா."

"பண்ணிட்டேன்டா," என்றாள் அக்கா. இறங்கி வந்து சாவியை என்னிடம் காட்டினாள்.

டீசலை நிறுத்துகிற லீவரை இழுத்துப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சில நேரம் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே குடித்துக்கொண்டு வெறி பிடித்து ஓடும். அப்போது காற்று போகிற வாயை அடைத்தால் நின்றுவிடும். ஒரு பலகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுகிற இன்ஜினின் வாய் பலகையை வெடுக்கென்று இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இழுக்கவில்லை.

அதிலிருந்து காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பாக, விட்டு விட்டு. அதில் டீசல் வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் மாமாவின் கைக்கட்டைப் பிரிக்கும்போது வந்த வாசனை. அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

பலகையைக் கீழே போட்டேன்.

அப்போது லாரி கேபினுக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று கேட்டது.

எங்கள் டெஸ்டர் கடையில் மேஜைமேல் இருந்தது. நான்தான் துணி போட்டு மூடிவிட்டு வந்தேன்.

மறுபடி, கிர்ர்.

நிதானமாக, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிற மாதிரி ஆறு தரம் கேட்டது.

"வேலைய சரி பாக்கறாரு," என்றாள் அக்கா. அவள் முகத்தில் பயமே இல்லை.

"வா, வெளிய போயிடலாம்."

"இருடா. எங்க ஒழுகுதுன்னு பாக்கச் சொல்றாரு."

அவள் பானெட்டுக்கு அடியில் குனிந்தாள். வலது கையை விரித்து ஐந்தாவது பைப்பின் அடியில் கொண்டுபோனாள். அந்தப் பைப்பைச் சுற்றி மட்டும் வெயிலில் ஏதோ மினுமினுத்தது, பனிபோல. நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் கை வெளியே வந்துவிட்டது. அந்த வேகத்தில் என் கை உள்ளே போயிற்று.

சுருக்கென்று இருந்தது. அவ்வளவுதான்.

இன்ஜின் நின்றுவிட்டது.

கையைத் திருப்பிப் பார்த்தேன். வலது கை. நடுவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில் ஒரு சின்னப் புள்ளி.

"அக்கா, கேட்டைத் திற. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே போகணும்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பேசினாள். குரல் அவளுடையதுதான், பேசிய விதம் அவளுடையது இல்லை.

"இத்துனூண்டு புள்ளிக்கு ஆஸ்பத்திரியா மாமா? வேலைய முடிச்சிட்டுப் போலாம். பாக்கறவன் சிரிப்பான்."

கூடப் பிறந்த தம்பியை எந்த அக்காவும் மாமா என்று கூப்பிட மாட்டாள். அது நான் பேசிய பேச்சு. அன்றைக்கு இதே இடத்தில், கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவிடம் நான் சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை. அவர் போகத்தான் கிளம்பினார். வாழ்க்கையில் ஒரு தரமாவது அவரை மட்டம் தட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. அவரும் வீம்புக்காரர், நின்றுவிட்டார். அப்போது செட்டில் வேறு யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "வேணும்னு சொல்லலக்கா. இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல."

"எவ்ளோ நேரம் நிக்க வச்ச?" இப்போது அக்காவின் சொந்தக் குரல்.

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்போ நில்லு."

கேட் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு லாரியின் கால்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கேட் இரண்டு ஆள் உயரம், மேலே முள்கம்பி. கத்தினேன். ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. போன் சட்டைப் பையில், சட்டை கேபினில். ஏறப் போனேன். கதவில் கை வைத்ததும் உள்ளே மெதுவாக ஒரு 'கிர்ர்'. கையை எடுத்துவிட்டேன்.

அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கலாம் என்று இரண்டு அடி வைத்தேன். கன்னத்தில் ஈரமாக, சில்லென்று ஏதோ தெளித்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே. மூன்றாவது அடியை நான் வைக்கவில்லை.

விரல் மரத்துப்போனது. பிறகு வீங்கியது. மோதிர விரலும் சுண்டுவிரலும் வெளுத்தன. ஒன்றரை மணி நேரம் அவள் காலடியில் அந்த ஆயில் தரையில் உட்கார்ந்து அழுதேன். திட்டினேன், கெஞ்சினேன், என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். அவளும் அழுதாள். ஆனால் கையைத் திறக்கவில்லை. உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லைடா என்று ஒரு தரம் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே பிடிக்கவில்லை என்றாள்.

கடைசியில் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தாள். என் தலைக்கு மேல், ஒரு ஆள் உயரத்தில்.

"போதுமாங்க?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கிற தைரியமும் இல்லை. கழுத்தில் மட்டும் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது, விட்டு விட்டு.

அவள் சாவியை என் மடியில் எறிந்தாள்.

கை தப்பித்தது. உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை கிழித்து, மூன்று தரம் கழுவினார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் மணிக்கட்டோடு எடுத்திருப்போம் என்றார் டாக்டர். நடுவிரலின் நரம்பு மட்டும் போய்விட்டது, அது இனிமேல் மடங்காது என்றார். நான்கு விரலோடு வேலை செய்யப் பழகிக்கொள்வேன் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து லாரிக்காரர் போன் செய்தார். வண்டி மேட்டில் பறக்கிறதாம். லிட்டருக்கு நாலு கொடுத்தது இப்போது ஏழு கொடுக்கிறதாம். அவருடைய மற்ற இரண்டு லாரிக்கும் செய்து தர வேண்டுமாம்.

"நட்டை எல்லாம் யாரு டைட் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதானே போட்டுட்டுப் போனீங்க. அசைக்க முடியல, அவ்ளோ டைட்டா இருக்கு."

போனை வைத்துவிட்டேன்.

அக்கா தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறாள். அந்த நாளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காயம் கிட்டத்தட்ட ஆறிவிட்டது. ஆனாலும் தினமும் தழும்பின் நடுவில் ஒரு சொட்டு டீசல் புதிதாக நிற்கிறது. என் மனைவி பயந்துபோய் டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள். அக்கா மட்டும் பஞ்சில் அதை ஒற்றி எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

நேற்று அவள் அப்படி எடுக்கும்போது நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். என்னை எப்போதும் டா போட்டுத்தான் பேசுவாள். அவள் என் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மெதுவாகக் குனிந்து கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

நடுவிரல் மடங்கி அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.