மரகதத்துக்கு யார் மேல பொறாமை?

"யோவ்! குதிரையப் பிடிய்யா! எம் பூவு போச்சு..."

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பொட்டல். செல்லக்கிளி டீச்சரின் பின்னலிலிருந்த மல்லிகைச் சரம் ஒரு செம்பழுப்புக் குதிரையின் வாயில் தொங்கியது!

ஓடிவந்தவன் கால்நடை டாக்டர் நல்லகாமன். வந்தவன் குதிரையின் கழுத்தைத்தான் தடவினான்.

"பயந்துட்டியா மரகதம்? இவுக சத்தம் போட்டுட்டாகளா?"

"பூவைப் பறிகுடுத்தது நானு. ஆறுதல் அதுக்கா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மழைக்கு முந்தின வானம் மாதிரி கருத்த கண்கள் அவனுக்கு... திட்ட வந்தது அவளுக்கு மறந்தே போனது.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் கால்கள் தானாகப் பொட்டலுக்குத் திரும்பின.

"ரேசுக்கா பழக்குறீக, டாக்டர்?"

"இல்ல டீச்சர், மெட்ராஸ்ல நடைப் போட்டி. அவ அழகா அடி வைக்கணும், பக்கவாட்டுல போகணும். நான் வாயே தொறக்கக் கூடாது. உக்கார்ற விதத்துலயே எம் மனசு அவளுக்குப் புரியணும்."

'அவ'வாமே... செல்லக்கிளிக்கு வயிறு எரிந்தது.

"கோவக்காரி டீச்சர். வெல்லத்துக்கெல்லாம் மயங்க மாட்டா. மொதல்ல தொடவே விடல. தெனமும் பக்கத்துல சும்மா உக்காந்து பேப்பர் படிச்சேன். ஒரு நா அவளா வந்து தோள்ல தாடைய வச்சா..."

அந்தத் தோளை ஓரக்கண்ணால் பார்த்தாள். சீ! போயும் போயும் ஒரு குதிரையோடா எனக்குப் போட்டி?

ஆனால் அவள் வந்து நின்றாலே மரகதத்துக்கு அடி தடுமாறியது. காதைப் பின்னுக்கு மடக்கி அப்படியே நின்றுவிடும். போட்டி நெருங்க நெருங்க நல்லகாமன் முகம் வாடியது.

"தப்பா நெனைக்காதீக டீச்சர்... அவளுக்கு உங்க மேல பொறாமை. மெட்ராஸ் போயிட்டு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராம இருக்கீகளா?"

"தாராளமா! நீங்களும் மரகதமும் நல்லா இருங்க!"

வீம்பாக நடந்தாள். தெரு திரும்பியதும் கண் கலங்கியது. நான் வேண்டாம்... அவள் மட்டும் போதுமா?

குதிரையை லாரியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் மனசு கேட்கவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நல்லகாமனைச் சுமந்த மரகதம் நடக்கவில்லை, மிதந்தது! பொறாமையோடு எட்டிப் பார்த்தாள்.

காற்றில் முந்தானை பறந்தது. நல்லகாமன் பார்த்துவிட்டான். அந்த நொடியே மரகதம் தடுமாறி நின்றது.

குதித்து இறங்கினான். "நாந்தான் வர வேணாம்னு சொன்னேன்ல?"

செல்லக்கிளி நேராகக் குதிரையிடம் போனாள். மரகதம் அவள் தோளில் தாடையை வைத்தது! கடிவாளத்தைப் பிடித்து நடந்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வந்தது.

"டாக்டர்... இதுக்கா எம்மேல பொறாமை?"

கடிவாளத்தை அவன் கையில் திணித்தாள்.

"நீங்க மேல இருந்தாத்தான் நிக்குது. என்னயப் பாத்ததும் யாரு வெறச்சுக்கிட்டது? கடிவாளத்த இறுக்கிப் பிடிச்சது யாரு? உங்க மனசு அதுக்குப் புரிஞ்சு போச்சு. உங்களுக்குத்தான் இன்னும்..."

அவன் முகம் காது வரை சிவந்தது.

"வாயே தொறக்கக் கூடாதுங்கிறது மெட்ராஸ்லதான? இது மதுர. சொல்லலாம்ல?"

"செல்லக்கிளி..." முதல் தடவையாகப் பெயர் சொன்னான். "நீங்க வந்தா எங் கை நடுங்குது. அத மறைக்கத்தான் இறுக்கிப் பிடிச்சேன். பழிய அவ மேல போட்டேன். உங்கள... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கண்ணிலும் மழை.

"இம்புட்டு நாளா பொறாமையில வெந்தது நாந்தான், தெரியுமா?"

சொல்லி முடிப்பதற்குள் பின்னல் லேசானது. மரகதம் நிம்மதியாகப் பூவை மென்றுகொண்டிருந்தது.