நிர்வாகியை அணுகவும்

மழை சாய்ந்து பெய்த ஒரு மாலையில், நனைந்த பூனையொன்றைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு அவன் அந்த விலங்கு மருத்துவமனைக்குள் நுழைந்தான். வரவேற்பு மேசையில் இருந்தவள் நிமிரவில்லை. கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“எதிர்பாராத பிழை. நிர்வாகியை அணுகவும்...” வாய்விட்டுப் படித்தாள். “இங்க நிர்வாகியும் நான்தான். என்னையே நான் எப்படி அணுகறது? இத எழுதின புண்ணியவான் மட்டும் கையில கிடைக்கட்டும்...”

“கிடைச்சா?”

அப்போதுதான் பார்த்தாள். இமையோரம் மழை சொட்ட இரண்டு கண்கள்... அவற்றுக்குக் கீழே, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில், இன்னும் இரண்டு.

“பூனைக்குப் போடற ஊசிய அவருக்குப் போடச் சொல்வேன்.”

“போடுங்க. எழுதினது நான்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவர் அவளுடைய அக்கா. ஒரே நாய்க்கு இரண்டு நேரம் பதிவாகி, இடமில்லையென்று மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். ‘உனக்குக் கவனமே இல்ல குட்டி. திங்கள்லேர்ந்து வேற ஆளப் போடறேன்’ என்று, கணினியில் பிழை வருகிறதென்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், காலையில்தான் அக்கா சொல்லியிருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டவளுக்குக் கால் ஊன்றக் கிடைத்த இடம் இந்த மேசை ஒன்றுதான்.

“பிழைன்னு வந்ததும் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான்.

“மறுபடி போடுவேன். அந்த நேரம் போயிடுச்சுன்னு காட்டும். அடுத்த நேரத்தக் குடுப்பேன்.”

“முதல் தடவையே பதிவாயிருக்கும்ங்க. நெட் ஒரு நொடி விட்டுப்போனா இந்த வரி வரும்... அவ்வளவுதான்.”

“அத அப்படியே எழுதியிருக்கலாமே?”

“யாரு படிக்கப்போறாங்கன்னு...”

“நான் படிச்சேன். தினமும். நான்தான் ஏதோ தப்புப் பண்றேன்னு நினைச்சுக்கிட்டே. டாக்டர் எங்க அக்காதான், அவளும் அப்படித்தான் நினைச்சு என்னை வேலைய விட்டு நிறுத்தறா.”

அவன் முகம் சுண்டிப்போனது. உள்ளறைக் கதவு திறந்து அக்கா எட்டிப் பார்த்ததும், அத்தனை பேர் காத்திருந்த கூடத்தில் நிமிர்ந்து நின்று சொன்னான்.

“டாக்டர், உங்க தங்கச்சி மேல தப்பே இல்ல. தப்பு எங்க மென்பொருள்ல. எழுதினவன் நான்.”

அக்கா அவனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி... நீயே இரு குட்டி” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலை தப்பியது. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. தான் சொன்னபோது எடுபடாத பேச்சு, முன்பின் தெரியாத ஒருவன் சொன்னதும் எடுபட்டுவிட்டதே...

“எனக்கு வக்காலத்து வாங்கச் சொல்லி நான் கேக்கல. போய் அந்த வரிய மாத்துங்க.”

அவன் தலையசைத்தான். பூனைக்கு மருந்து வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை... திரும்பக் கூடாதென்று இருந்தாள்.

அடுத்த வாரம் திரையில் வேறொரு வரி வந்தது. ‘இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனது. உங்கள் பதிவு பத்திரமாக இருக்கிறது. தவறு உங்களுடையது அல்ல.’ அதைப் படித்துவிட்டு, மூட மனமில்லாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

மறுநாள் அவன் வெறுங்கையோடு வந்தான்.

“பூனை எங்க?”

“வீட்ல தூங்குது. அதுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப என்ன விஷயமா வந்தீங்கன்னு நான் பதிவு பண்றது?”

“சும்மா... இந்தப் பக்கமா...”

“பூசி மெழுகாமச் சொல்லுங்க.”

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். “உங்களப் பிடிச்சிருக்கு. தினமும் பாக்கணும் போல இருக்கு.”

விசைப்பலகை மேல் அவள் விரல்கள் நின்றன. காது மடல் சூடேறியது.

“இப்படிச் சொன்னா புரியுது” என்றாள், அவன் கண்களைப் பார்த்தே. “எனக்கும்தான்.”