காபி கேட்டவன்

செங்கம் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக் கொட்டகைக்குள் ஓடி வந்த தேவிப்ரியாவுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. திக்குகிற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவள் அவள். காலையிலிருந்து பதினோரு பிள்ளைகள்... பதினோரு அம்மாக்களின் அழுகை.

பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். மழை இருட்டிலும் பளிச்சென்று தெரிகிற கண்கள்... காபி கேட்டு வாங்கியவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அடுத்தவர் கையிலிருந்த டீயையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீ வேணும்னா கேக்கறதுதானே? கண்ணாலயே குடிச்சுடுவீங்க போல," என்றாள், அலுப்பில் வாய் தவறி.

அவன் முகம் சுருங்கியது. டம்ளரை வைத்துவிட்டுக் கொட்டும் மழையில் இறங்கி நடந்தான். சரியான திமிர்... ஆனாலும் அந்தக் கண்கள் வீடு வரை கூடவே வந்தன.

சனிக்கிழமை, தன் அக்காவின் ஆறு வயது மகளோடு அவனே அவளுடைய பயிற்சி அறைக்குள் வந்து நின்றான். பெயர் முருகவேல், ஊர் கீழ்பென்னாத்தூர் என்றது பதிவுச் சீட்டு.

"உன் பேரென்ன, கண்ணு?"

"சிந்துஜாங்க," என்றான் அவன். எது கேட்டாலும் அவனேதான் பதில்.

"அடுத்து எப்ப வர்றீங்க?"

"ஞாயித்துக்கு மறுநாள்."

திங்கட்கிழமையை இப்படிச் சுற்றி வளைத்தவனை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று எல்லாம் விளங்கியது. "அன்னிக்கு டீன்னு சொல்ல வரலையா?" என்றாள் மெதுவாக.

தலையாட்டினான். "சின்ன வயசுல பேச்சு நின்னா எங்கப்பா வாய்ல கூழாங்கல்லு அடைச்சு அடிப்பாருங்க. வராத வார்த்தைய விட்டுட்டு வேற சொல்லப் பழகிட்டேன். இவளுக்கும் அதான் சொல்லிக்குடுத்தேன். இப்ப ஸ்கூல்ல வாயே அசையலையாம். என்ன மாதிரி ஆயிடக் கூடாதுங்க..."

"திக்கறது தப்பில்லைங்க. மறைக்கறதுதான் அவ வாயப் பூட்டுது. இவளுக்கு பதிலா பேசாதீங்க. நீங்க மறைக்காம திக்கிப் பேசுங்க, இவ கேக்கட்டும்."

"எல்லார் எதிர்லயுமா? என்னால ஆவாது." எழுந்து போய்விட்டான்.

அப்புறம் அவன் அக்கா கஸ்தூரிதான் பிள்ளையைக் கூட்டி வந்தாள். ஐந்து திங்கட்கிழமை... கதவைப் பார்த்துப் பார்த்துத் தேவிப்ரியாவுக்குக் கண் பூத்துப்போனது. நாளெல்லாம் பிள்ளைகளோடு பேசி ஓய்ந்தவளுக்கு, தன் மனசைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆறாவது திங்களன்று அவன் வந்தான்.

"மா...மாமாவும் வீட்ல என்ன மா...மாதிரியே பேசறாரு மிஸ்," என்றாள் சிந்துஜா, முகத்தில் பயமே இல்லாமல்.

அவன் தேவிப்ரியாவை நேராகப் பார்த்தான். "தே...தேவிப்ரியா, இவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா தி...தினமும் உங்களத்தான் நெ...நெனச்சேன். எனக்கு உங்கள பு...பு..."

அங்கேயே நின்றுவிட்டது. நெற்றி நரம்பு புடைத்தது. அவன் வேறு வார்த்தைக்குத் தாவவில்லை. திக்கலை எண்ணிக் குறிப்பது அவள் வேலை. அன்று எண்ண மறந்தாள்.

"...புடிச்சிருக்கு."

பதில் சொல்ல வாய் திறந்தவளுக்குக் குரலே எழவில்லை. கண்ணீர்தான் முந்திக்கொண்டது. சிந்துஜா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல மி...மிஸ். நாங்க இருக்கோம். வரும்போது சொல்லுங்க."

அதற்குள் வந்துவிட்டது.

"எனக்கும்தான்..."