உட்காரத் தெரிந்த சிலை

அந்த அம்மாவின் விலை நாற்பது லட்சம். பேரமே கிடையாது. சீட்டில் அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

கண்காட்சிக் கூடத்தின் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நீலச் சீருடை, அள்ளிச் செருகிய கொண்டை, கழற்றி வைத்த செருப்பு, வீங்கிய கணுக்கால். வெகுநேரம் உற்றுப் பார்த்தால்தான் அவள் மூச்சு விடவில்லை என்பது தெரியும். அவள் சிலை. சிலிக்கோனில் செய்து, தலைமுடியை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி நட்டிருந்தார்கள். மூன்று நாளாக ஊரே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பத்தடி தள்ளி இன்னொரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் நீலச் சீருடை, கொண்டை. யாரும் சிலையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இந்த அம்மாவுக்கு விலைச்சீட்டு கிடையாது. நாற்காலியும் கிடையாது.

பள்ளி விட்டதும் அவளுடைய மகள் நேரே இங்கேதான் வருவாள். வயது பத்து. எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் கணக்குப்பிள்ளை. அன்றும் மூலையில் பையைப் போட்டுவிட்டு நோட்டில் எழுதினாள்: 'முதல் கூடம். அம்மா இரண்டு. நாற்காலி ஒன்று.'

"அம்மா, அவங்க குதிகால்ல பதினொரு வெடிப்பு. உனக்குப் பதினாலு. நீதான் ஜெயிச்ச!"

"ரொம்பப் பெருமைதான். போய் வீட்டுப்பாடம் எழுது."

"காலைல நர்ஸ் அக்கா என்ன சொன்னாங்க?"

அம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். "நடுநடுவுல உட்காரணுமாம். இல்லைன்னா அடுத்த மாசம் நிக்கவே முடியாதாம்."

"மேனேஜர் சார்கிட்ட நாற்காலி கேளேன்."

"கேட்டா? ஆளுங்க வந்து போற இடத்துல நீ உட்கார்ந்தா பார்க்க நல்லாவா இருக்கும்பார். முடியலன்னா வீட்டுலயே இருந்துக்கோன்னு சொல்லிட்டா? வாடகையை நீ எண்ணிக் குடுப்பியா?"

கணக்குப்பிள்ளை வீட்டுப்பாட நோட்டை எடுத்தாள்.

அப்போது ஒரு பெண்மணி கணவரோடு வந்து சிலையின் முன் குனிந்தார். "ஐயோ பாவம்! கால் எப்படி வீங்கிப்போயிருக்கு பாருங்க. எப்படி வலிச்சிருக்கும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தபடியே பின்னால் நகர்ந்து, நிஜ அம்மாவின் காலை நன்றாக மிதித்தார். "சாரி" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அவர்கள் போனதும் அம்மா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. ஒரு வார விடுப்பு முடிந்து மேலாளர் வந்தார். புதுச் சிலை வந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஒரு நீல முதுகையும் ஒரு கொண்டையையும்தான்.

"ஏம்மா! வேலை நேரத்துல என்ன உட்கார்ந்துக்கிட்டு?"

கொண்டை அசையவில்லை.

"உன்னைத்தான்! நான் கத்திக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு உட்கார்ந்திருக்க?"

ம்ஹூம்.

"இப்ப எழுந்திரிக்கல, நாளைலேர்ந்து வேலைக்கே வர வேண்டாம்!"

நாற்பது லட்சத்தை வேலையை விட்டே தூக்கிவிட்டார்!

கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் முன்வாசலில் ஒரு கூட்டம் நுழைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை கத்தினால் மனிதரின் மானம் கப்பலேறிவிடும். சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், மெதுவா! அது சிலை."

மேலாளர் சுற்றி வந்து முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"வேற யாராவது கேட்டாங்களா?"

"நானும் எங்க அம்மாவும் மட்டும்தான் சார்."

"வெளியில சொல்லாம இருக்க என்ன வேணும்? சாக்லேட்? பேனா?"

"ஒண்ணும் வேணாம். சும்மாவே சொல்ல மாட்டோம்."

அவருக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒரு சந்தேகம் சார். இவங்க மூணு நாளா உட்கார்ந்தேதான் இருக்காங்க. பார்க்க நல்லா இல்லைன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. கால் வலிக்குமேன்னு பாவப்படுறாங்க. எங்க அம்மாவுக்கும் அதே கால்தான் சார். வெடிப்புகூட மூணு அதிகம்."

மேலாளர் தூண் பக்கம் திரும்பினார். அம்மா ஒற்றைக் காலில் நின்றபடி விழித்துக்கொண்டிருந்தாள். அவர் சிலையின் காலைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"போச்சு! என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டியேடி!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

கடகடவென்று சத்தம் கேட்டது. தன் அறையில் தான் உட்காரும் சுழல் நாற்காலியை மேலாளர் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

"உட்காருங்கம்மா. வலிக்கிறப்பல்லாம் உட்காருங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அம்மா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

உள்ளே வந்த கூட்டம் அவளைத்தான் முதலில் சூழ்ந்தது. "இது அதைவிடத் தத்ரூபமா இருக்கே! என்ன விலை?" என்று ஒருவர் விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றது சிலை.

நீட்டியவர் துள்ளிக் குதித்ததில் மேலாளரே சிரித்துவிட்டார்.

"இது விக்கிறதுக்கு இல்ல சார்" என்றாள் கணக்குப்பிள்ளை.

கண்காட்சி மூடும் நேரத்தில் அவள் மற்ற மூன்று கூடங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நோட்டைத் திறந்தாள். பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்:

'முதல் கூடம். அம்மா இரண்டு. நாற்காலி இரண்டு. சரி.

மற்ற கூடங்கள். காவலுக்கு நிற்பவர்கள் மூன்று பேர். மேனேஜர் சாரிடம் கேட்க வேண்டிய சந்தேகம் இன்னும் ஒன்று.

பாக்கி: நாற்காலி மூன்று.'