பின்னுருவின் சொல்

பத்துப் பேரைக் கேட்டுவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது தன்னையே கேட்டுக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரியின் பின்னுருக்கூடத்தில் உடம்பையும் நினைவையும் படி எடுப்பார்கள். அந்தப் படிக்கு இயந்திரத்துக்குள்ளேயே அறுவை செய்து, சில ஆண்டுகள் வாழவைத்து, திரையில் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அதுதான் பின்னுரு. பட்டவனுக்குத்தான் தெரியும் என்பார்கள். பட்டவளே எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது மற்றவர் பேச்சு காதில் ஏறுமா?

பீளமேட்டு மிருதுளாவுக்கு உள்ளங்கை வேர்வை. உயிருக்கு ஆபத்தான வியாதியில்லை. ஆனால் அவள் பட்டு ரவிக்கைகளில் ஆரி ஊசியால் பூவேலை செய்கிறவள். முகூர்த்தப் பட்டில் அவள் கை பட்ட இடமெல்லாம் கறையானது. மார்புக்குள் ஓடும் ஒரு நரம்பை வெட்டினால் கை காய்ந்துவிடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சிலருக்கு வேர்வை முதுகுக்கு இறங்கிவிடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. இந்தக் கதையில் என் வயிறு எரிவது அதற்குத்தான். செய்துகொண்டவர்களைத் தேடிப்போய்ப் பேசினாள். கிடைத்ததையெல்லாம் படித்தாள். படி எடுக்கும் நாற்காலியில் உட்காருமுன்கூடக் கூடத்துப் பணியாளர் தினகரைக் குடைந்தாள்.

"வேண்டாம்னு நான் போயிட்டா, அந்த உருவை என்னங்க பண்ணுவீங்க?"

"அழிச்சுருவோங்க்கா. நடக்காத வாழ்க்கையை வெச்சு என்ன பண்றது? செஞ்சுக்கிட்டீங்கன்னா அது பாட்டுக்கு இருக்கும். பின்னால வைத்தியத்துக்கு உதவும்."

மிருதுளா தலையாட்டினாள். அடுத்த நிமிடம் அவள் நினைவு முழுவதும் படியானது.

கணவன் கௌசிக்குக்கு மனம் ஒப்பவில்லை. "கைதான அம்மணி வேர்க்குது, துடைச்சுக்கலாம்ல," என்றான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவள் திரைக்கு முன்னால் போனாள். அங்கே கொஞ்சம் சதை போட்ட மிருதுளா சிரித்தாள்.

"கை எப்படி இருக்குது?"

"காஞ்சு கிடக்குது. பட்டைத் தொட்டா பட்டுதான் தெரியுது."

"முதுகு?"

பின்னுரு கழுத்துச் செயினைத் திருகியது. யோசிக்கும்போது மிருதுளாவும் அதைத்தான் செய்வாள்.

"கொஞ்சம் வேர்க்கும். அதெல்லாம் ஒண்ணும் பெருசில்ல. செஞ்சுக்க."

செய்துகொண்டாள்.

கை காய்ந்தது. காய்ந்து, விரல்நுனிகள் வெடித்து, அந்த வெடிப்பில் பட்டு நூல் சிக்கிச் சிக்கி அறுந்தது. முதுகிலும் இடுப்பிலும் வேர்வை ஊற்றாகப் பெருகியது. நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்காலி நனைந்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவளைக் காட்டிச் சிரித்த பிறகு வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். ஆரிச் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். கௌசிக் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கடைசியில் ஆத்திரம் தாங்காமல் பின்னுருக்கூடத்துக்குப் போய்த் திரையைப் போடச் சொன்னாள்.

"உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு? ஏன் சொல்லலே?"

பின்னுரு செயினைத் திருகியது. "சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருப்ப. என்னை அழிச்சிருப்பாங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"நீதான தினகர்கிட்டக் கேட்ட? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கும் தெரியும். மத்தவங்க யாரும் அதைக் கேக்கிறதில்ல. அவங்க உருவெல்லாம் நெசத்தைச் சொல்லிருது. நீ அந்த ஒரு கேள்வியைக் கேக்காம வந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

கூடப் பிறந்தவள் ஏமாற்றினால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மிருதுளா திரையை விட்டுத் திரும்பினாள்.

"இதை அழிச்சுருங்க," என்றாள் தினகரிடம்.

"உங்க உரு, உங்க இஷ்டங்க்கா. இந்தப் பலகைல கட்டைவிரலை வைங்க."

விரலை நீட்டியவள் நிறுத்தினாள். அவள் இனிக் கடக்கவேண்டிய வருடங்களை வாழ்ந்து பார்த்தவள் அந்த ஒருத்திதான்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லு. இது சரியாயிருமா?"

பின்னுரு அவளுடைய விரலைப் பார்த்தது. அதன் கை செயினுக்குப் போனது.

"சரியாயிரும். நான் இருக்கேன்ல, எப்படின்னு சொல்லித் தாரேன்."

மெய்யாகவும் இருக்கலாம். இனி அவளுக்கு அது தெரியப்போவதில்லை. கட்டைவிரலைப் பலகையில் அழுத்தினாள். ரேகை படியவில்லை.

"விரல் ரொம்பக் காஞ்சிருக்குதுங்க்கா," என்றான் தினகர். "கொஞ்சம் ஈரம் பண்ணி வைங்க."

மிருதுளா கையைப் பின்னால் கொண்டுபோய், நனைந்திருந்த முதுகில் விரலைத் துடைத்து, மறுபடி வைத்தாள். இந்த முறை படிந்தது.