ரேடியோ ஓதாத பெருநாள்

மாலை நான்கு பத்து. ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே, தனுஜாவின் கணினி பழுதுபார்க்கும் கடை. ஜன்னத் ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தார்.

"இதுல எங்க வீட்டுக்காரர் குரல் இருந்துச்சு. மவுத்தாகி அடக்கம் பண்ணி மூணு வருஷம். மவன் அழிச்சிட்டான்."

சென்ற பெருநாளன்று ஜன்னத்தின் லேப்டாப் திறக்க மறுத்தது. கடைகள் மூடியிருந்தன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனான மகன் இமான், இந்தப் பென்டிரைவைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய், லேப்டாப்பைத் துவக்கும் விண்டோஸை அதில் ஏற்றிவந்தான். லேப்டாப் பிழைத்தது. குரல் போயிற்று.

"பத்திரமா இருக்கும்மான்னான். லேப்டாப் பூரா தேடிட்டேன், இல்ல. அத்தாவ ரெண்டாவது தடவ அடக்கிட்டியேடான்னேன், அவன மேல பேசவே விடல. அன்னைக்கே பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வெள்ளிக்கிழமையானா கூப்புடுறான். எட்டு மாசமா நான் எடுக்கல."

"கேஸ் முடிஞ்சிச்சு லா," என்றார் சுகுமாரன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டில் பேச ஆளில்லாததால் தினமும் இங்கே வருபவர். "பையன்தான்."

"அண்ணே, சும்மா இருங்க. அக்கா, அன்னைக்கு வீட்ல வேற என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் தனுஜா.

"என்ன நடக்கும்? பெருநாளும் அதுவுமா ரேடியோகூட ஓதல. மத்த நாள் விடிகால சுபுஹுலேர்ந்து குர்ஆன் ஓதும். வீட்ல வேற சத்தம் ஏது? இப்ப அதுவும் கெழடாயிருச்சு. போட்டா ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் வாயத் தொறக்குது."

"ஓதல் எதுல இருக்கு?"

"அதுலயும் ஒரு பென்டிரைவ்தான்."

சுகுமாரன் ஜன்னத்திடம் சாவி வாங்கி மோட்டார் சைக்கிளில் போய் ரேடியோவைக் கொண்டுவந்தார். தனுஜா அதன் பென்டிரைவைத் தன் கணினியில் செருகினாள். ஓதல்களுக்குக் கீழே நான்கு பெரிய கோப்புகள். முதல் மூன்றும் ஒரே அளவு. பெருநாள் தேதி.

"உங்க மவனோட தொழிற்சாலைப் பழக்கம் அக்கா. ஒரு டிரைவ அழிச்சு வேற வேலைக்கு எடுக்குமுன்ன முழுசா நகல் எடுத்துருவாங்க. தொறந்தா குரல், படம்னு தனியாத் தெரியாது, ஒரே கட்டி. இந்த டிரைவ் ஒரே கோப்பா அவ்ளோ பெருசத் தாங்காது, அதான் நாலா வெட்டியிருக்காரு. இதையும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போன அந்த நேரம்தான் ரேடியோ ஓதல. இந்தப் பாரத்தாலதான் இப்ப தாமதம்."

"பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்லயே வச்சிருக்கலாமே?" என்றார் சுகுமாரன்.

"அத்தாவ அடுத்தவங்க வீட்ல விட்டுட்டு வர மனசு வரல போல."

"சரி, ரேடியோ டிரைவயே அழிச்சு விண்டோஸ் ஏத்தியிருக்கலாமே?"

"தப்பாப் போனா மறுநாள் வீடு ஊமையாயிரும்ணே."

ஜன்னத் ரேடியோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தனுஜா நான்கையும் இணைத்துப் புதிய பென்டிரைவில் இறக்கினாள். நாற்பது நிமிடம். கடைசிப் பதிவைத் தட்டினாள். ஒரு இருமல், பிறகு அவர் குரல்.

"ஜன்னத், இமான் வந்துட்டானா?"