பாண் வந்தால் புத்தகமும் வரட்டும்

கொரோனா வந்ததும் ஊரில் எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. வாவிக்கரை நூலகத்துக்கும் பெரிய பூட்டு. பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கும் றிஸான் நானாவின் ஓட்டோ மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு, ராசா மாதிரி ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வந்தது.

அந்தப் பாட்டைக் கேட்டாலே பஹீமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை, நாலு கிழமைதான் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வினாத்தாள்கள் கைபேசியில் வந்தன. பஹீமா வீட்டில் இருந்ததோ உம்மாவின் பழைய பட்டன் போன். பழைய வினாத்தாள் புத்தகம் நூலகத்தில், பூட்டுக்கு உள்ளே கிடந்தது.

ஒருநாள் பாண் வாங்கும்போது ஒரு கடிதத்தை நீட்டினாள்.

“நானா, நூலகத்துப் பக்கம் போவீங்களா?”

“ஓம் புள்ள. சுஜீவா மிஸ் உள்ளுக்க இருந்து புத்தகம் துடைக்கிறா. என்னட்டத்தான் பணிஸ் வாங்குறவ.”

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: “மிஸ், பாண் வீட்டுக்கு வருகிறது. புத்தகம் ஏன் வரக்கூடாது? ஓட்டோவில் இடம் இருக்கிறது. நான் பார்த்தேன். பஹீமா.” கீழே உம்மாவின் போன் இலக்கம்.

மறுநாள் போன் அடித்தது.

“மகள், நல்ல யோசினை. ஆனா சுகாதாரப் பரிசோதகர் ஹெக்டர் சேர் மாட்டன் எண்டுறார். இங்கதான் நிக்கிறார்,” என்றார் சுஜீவா மிஸ்.

“போனை அவரிட்டக் குடுங்க மிஸ்!”

உம்மா தலையில் கை வைத்தாள். “வாயை அடக்குடி!”

“தங்கச்சி, பாணைத் திண்டா முடிஞ்சுது,” என்றது கரகரத்த குரல். “புத்தகம் கை மாறித் திரும்பி வரும். கிருமியும் கூட வரும். ஏலாது.”

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. பக்கத்து அறையில் மாமாவின் குறட்டை கேட்டது.

“சேர், எங்கட மாமா கட்டாரால வந்தவர். நீங்கதான் அவரைப் பதினாலு நாள் தனிய வெச்சீங்க. மறுகா வீட்ட விட்டீங்கதானே? திரும்பி வாற புத்தகத்தையும் கொஞ்ச நாள் தனிய வைங்க. மாமாவை நம்பினீங்க, புத்தகத்தை நம்ப மாட்டீங்களா?”

மறுபக்கம் மிஸ் சிரிப்பது கேட்டது. பஹீமா விடவில்லை. “வினாத்தாள் வாற போன் இல்லாத புள்ளைகள் பெயிலாகணுமா சேர்?”

“ஒரு கிழமை பாப்பம்,” என்றார் ஹெக்டர் சேர். “ஆரும் கேற்றைத் தாண்டினா அண்டைக்கே நிப்பாட்டுவன்.”

சனிக்கிழமை பாண் ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டியில் மேல்தட்டில் பணிஸ், கீழ்த்தட்டில் புத்தகங்கள். பின்னால் ஒரு சாக்கு தொங்கியது. “திரும்பி வந்தவை. தனிமையில் உள்ளன. தொடாதீர்!” என்று மிஸ் எழுதியிருந்தார்.

“ஒரு றாத்தல் பாண், ஒரு கதைப் புத்தகம்!” என்று அடுத்த வீட்டு ஜெமீலா மாமி கூவினாள்.

வினாத்தாள் புத்தகத்தை வாங்கி பஹீமா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எதிர்க் கேற்றில் நிஸ்றாவும் சஹ்லாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் வினாத்தாள் வரும் கைபேசி இல்லை.

“எங்களுக்கு எப்பகா கிடைக்கும்?” என்று நிஸ்றா கேட்டாள்.

இருந்தது ஒரேயொரு பிரதி. தனக்கு ஒரு கிழமை, பிறகு சாக்குக்குள் ஒரு கிழமை, பிறகு நிஸ்றாவுக்கு ஒரு கிழமை. சஹ்லாவின் கைக்குப் போவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். பஹீமாவுக்கு மனம் கேட்கவில்லை. கதிரையை இழுத்துக் கேற்றடியில் போட்டு ஏறினாள்.

“கொப்பியை எடுங்கடி! கேள்வி ஒண்டு!” என்று கத்தினாள்.

மூன்றாம் நாள் ஏழு கேற்றுகளில் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக நின்றார்கள். அப்போது ஹெக்டர் சேரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அவர் ஒவ்வொரு கேற்றாகப் பார்த்தார். ஒருவரும் வெளியே கால் வைக்கவில்லை. பஹீமா முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள்.

“ஒரு வரிசையில ஒருத்தி முன்னால இருந்தும் அஞ்சாவது, பின்னால இருந்தும் அஞ்சாவது. வரிசையில மொத்தம் எத்தனை பேர்?”

“பத்து!” என்று முந்திக்கொண்டார் ஹெக்டர் சேர்.

“பிழை சேர்!” என்று ஏழு கேற்றும் ஒன்றாகக் கத்தின.

ஹெக்டர் சேர் விரல் மடித்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

“மறுகா ஒருக்கா வாசி மகள்.”